முதல் பக்கம், மூன்றாம் பாட்டு

சர்க்கரைக்கு ஒரு கூப்பன் இருந்தது,
செருப்புக்கு ஒன்று, மாமிசத்துக்கு இரண்டு.
பாட்டுக்கு இல்லை.
பாட்டு காற்றில் வந்தது,
சனி இரவு பத்து மணிக்கு மேல்,
க்டினியா துறைமுகத்துப் பனிமூட்டத்தில்
கப்பல்கள் ஒன்றையொன்று தேடி
ஊதிக்கொண்டிருக்கும் நேரம்.

புதுக் கேசட் என்றால் அப்பாவின் இரண்டு நாள் கூலி.
அதனால் சித்தி கல்யாணத்து அக்கார்டியனை எடுத்தோம்.
ஓரத்துத் துளைகளில் காகிதம் அடைத்தால்
அழிக்கக் கூடாததும் அழியும்.
(பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்
காது கொடுத்தால் இன்னும் யாரோ
மணமக்களுக்கு நூறாண்டு வாழ்த்திக்கொண்டிருப்பார்கள்.)

ஸெனெக் ஆண்டெனாவைப் பிடித்து நிற்பான்.
அவன் கையை எடுத்தால் இரைச்சல்,
ஒற்றைக்காலில் நின்றால் தெளிவு.
நான் ரேடியோவின் வாயருகே மைக்கை நீட்டி,
சிவப்புப் பொத்தான்மேல் கட்டைவிரல் வைத்து,
அறிவிப்பாளர் பேசி முடிக்கும் கணத்துக்காகக்
கொக்காய் இருப்பேன்.

அன்றைக்கு வந்தது அந்தப் பாட்டு.
முதல் சரணம், பல்லவி,
பிறகு நாலு தட்டு மௌனம்.
அந்த மௌனத்தில் என் தம்பி இருமினான்.

கொன்றுவிடுவேன் என்று கையால் சொன்னேன்.
வாயால் சொன்னால் அதுவும் பதிவாகிவிடும்.

பள்ளியில் எங்களுக்கு ரஷ்ய மொழி.
ஆங்கிலத்தைக் காதில் விழுந்தபடி
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம்.
எங்கள் கட்டடத்தில் பல்லவி 'லேனா ரோ, லேனா ரோ'.
எதிர்க் கட்டடத்தில் 'தே நாரோ'.
லேனா செத்துப்போன காதலி என்றாள்
மூன்றாம் மாடி யாகோடா, உறுதியாக,
தானே அடக்கத்துக்குப் போய்வந்தவள்போல்.
அந்த லேனாவுக்காக ரயில் நிலையப் படிகளில்
ஒரு மார்ச் மாதம் முழுக்க அழுதிருக்கிறேன்.

முப்பது வருஷம் கழித்து
டப்ளினில் வேலை பார்க்கும் மகள் சொன்னாள்:
வாடகைக் கார் ஒன்றின் கதவு
சரியாகச் சாத்தவில்லையாம்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான், அம்மா.

கேசட்டை எங்கள் பழைய ஃபியட் தின்றுவிட்டது.
பிடுங்கி எறிந்தார் என் கணவர்.
நெடுஞ்சாலையோர முள்வேலியில்
பழுப்பு நாடா படபடத்ததைத்
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
ஸெனெக் அப்போது ஹாம்புர்க்கில்.
முதலில் மாதம் ஒரு கடிதம்,
அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை,
அப்புறம் துணைத் தூதரகத்திலிருந்து
தடித்த உறை ஒன்று.

போன மாதம் அவர்கள் இங்கே வந்தார்கள்,
எழுபதைத் தொடப்போகும் நாலு பேர்.
பாடகர் சுருதியை நன்றாகவே இறக்கியிருந்தார்.
யாரும் முணுமுணுக்கவில்லை.
நாங்களே லிஃப்ட் எங்கே என்று
விசாரித்துத்தான் மேலே வந்திருந்தோம்.

பல்லவியில் அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.
பத்தாயிரம் பேர் பாடினார்கள்,
ஒருவர்கூடச் சரியாகப் பாடவில்லை.
லேனா ரோ, தே நாரோ, மேனாலோ,
ஒவ்வொரு தெருவும் தன் மொழியில்,
ஒவ்வொரு மாடியும் தன் தப்பில்
துளி சந்தேகமில்லாமல்.
பெரிய திரையில் அவர் முகம் தெரிந்தது:
இந்தப் பாட்டை இப்போதுதான்
முதல்முறை கேட்கிறவர்போல்.
கார்க் கதவு யாருக்கு வேண்டும்.

பிறகு அந்த நாலு தட்டு.
அரங்கமே மூச்சடக்கி நின்றபோது
நான் இருமினேன்.
சளி இல்லை, தூசி இல்லை.
அங்கே ஓர் இருமல் இருந்தாக வேண்டும்,
அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி,
எல்பிளாங்கிலிருந்து பேருந்தில் வந்தவளாம்,
கைப்பையைத் துழாவி
ஒரு புதினா மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்தாள்.
நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள்
இரண்டாம் சரணம் வந்துவிட்டது.