மென்மையாக்கும் நீளம்

மூடிப்போன காகித ஆலையின் கூடத்தில்
நேற்று மாலையிலிருந்து
இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன.

வெளியே மைனஸ் இருபத்தாறு. கயானியில் ஜனவரி.
இரவுப் பணியாளன் பெயர் ஓய்வா.
தமிழில் படித்தால் சிரிப்பு வரும்,
அவனுக்கு விடியும்வரை வேலை.
அவன் அறிந்த விண்வெளி
குழாயில் பொருத்திய வெப்பமானி:
நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு.

நிரலை எழுதியவள் ஹில்க்கா.
ஆற்றுக்கு அக்கரையில், மூன்றாம் மாடியில்
வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
புள்ளி ஒன்றுக்குப் பத்தாயிரம் சூரியன்.
நாலு கோடிப் புள்ளிகள்,
ஒவ்வொன்றையும் மற்ற எல்லாம் இழுக்கும்.

முதல் தடவை ஊடுருவிக் கடந்தன.
எந்த விண்மீனும் எதையும் தொடவில்லை,
அவ்வளவு வெட்டவெளி.
வாயு மட்டும் முட்டிக்கொண்டது,
முட்டிய இடம் நீலமாய்ப் பற்றிக்கொண்டது.
விலகின.
விலகும் வேகத்தை எங்கோ தொலைத்துவிட்டுத்
திரும்பின.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ஒரு சின்னப் பொய் இருக்கிறது.
இரு புள்ளிகள் ஒட்டினாற்போல் வந்துவிட்டால்
தூரம் சுழியாகும்,
விசை எண்ணுக்கு அடங்காது,
கணக்கு சிதறும்.
அதனால் இருக்கிற தூரத்தோடு
இல்லாத தூரம் கொஞ்சம் கூட்டிவைப்பார்கள்.
மென்மையாக்கும் நீளம் என்று அதற்குப் பெயர்.
அதை அவள் எழுதிய வாரம்தான்
ராய்மோ சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.
இரண்டுக்கும் தொடர்பில்லை என்கிறாள்.
யாரும் கேட்கவில்லை.

சுவரில் ஒரு தொலைநோக்கிப் படம்:
கலைந்த மையம், வலப்பக்கம் வளைந்த நீண்ட வால்.
வானம் தந்தது இந்த ஒன்றுதான்.
நூறு கோடி ஆண்டு நின்று பார்க்க
எவருக்கு ஆயுசு?
இந்த முகத்துக்குப் பொருந்தும் கடந்தகாலத்தைத்
தைத்துத் தைத்துப் பிரிக்கிறாள்.
இது நூற்றுப்பதினேழாவது.

ஐந்து மணிக்கு முடிந்தது.
மையம் சரி. வால் இடப்பக்கம்.

எந்திரத்தின் சூடு நீரில் இறங்கி
பனிக்கு அடியில் ஊருக்குள் வருகிறது.
அவள் அறையின் கணப்பில்
கம்பளிக் காலுறைகள் காய்கின்றன,
ஒரு ஜோடி அவள் காலுக்குப் பெரியது.
கையை அதன்மேல் வைக்கிறாள்.
வெதுவெதுப்பு.
நாலு கோடி இழுப்புகளில்
எதன் மிச்சமென்று பிரிக்க முடியாத வெதுவெதுப்பு.

சாய்வை ஐந்து பாகை மாற்றுகிறாள்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைத் தொடவில்லை.

ஓய்வாவின் வெப்பமானி
நாற்பதுக்கு இறங்கி
மறுபடி ஏறத் தொடங்குகிறது.