கோழிக்கு விரிப்பது

ஐப்பசியின் முதல் மழைக்கே
அடைப்பு முழுக்கச் சேறு.
பதினொரு பேடும் ஒரு சேவலும்
தகரத்தின் கீழ் ஒற்றைக்காலில் நின்று
என்னைப் பார்த்தன,
வாடகை கட்டினவர்கள் மாதிரி.

முதலில் தறப்பாளை விரித்தேன்.
நீலம் வெளுத்து, எழுத்தில் பாதி அழிந்த
பழைய தறப்பாள்.
அதன் கீழே நாங்கள் நாலு பேர்
இரண்டு மாரி கிடந்திருக்கிறோம்.
கோழிகளுக்கு இரண்டு நாள் பொறுக்கவில்லை.
நகம் கீறிய இடமெல்லாம் தண்ணீர்,
தண்ணீரெல்லாம் நுளம்பு.
சுருட்டி எடுத்தேன்.

மணல்தான் நல்லது என்றார் மிருக வைத்தியர்.
கெதியில் காயும், வாரலாம், மணக்காது.
மணல் ஆற்றில் கிடக்கிறது,
பெர்மிட் கச்சேரியில் கிடக்கிறது.
இரவில் ஓடும் ரக்ரர்காரன் சொன்ன விலைக்கு
பன்னிரண்டையும் விற்றாலும்
அரை லோட்தான் வரும்,
கொட்ட அடைப்பு இருக்கும், கோழி இராது.

ஒட்டுசுட்டான் மில்லில் உமி.
சைக்கிளில் மூன்று பை, இரண்டு நடை.
ஒரு காலை முழுக்கப் பொன்னாய்க் கிடந்தது.
பிறகு தூவானம் அடித்து
உமி புளித்து
கள்ளுக்கொட்டில் ஒன்றை
வளவுக்குள் தூக்கி வைத்தது போல ஒரு மணம்.
"என்னடியப்பா, புதுத் தொழிலோ?"
வேலிக்கு அப்பால் தவரஞ்சினி.

மரக்காலையில் தூள் சும்மா தந்தார்கள்.
முதிரையும் பாலையும் அரிந்த தூள்,
கையில் அள்ள மனம் வரும் நிறம்.
கறுத்தப் பேடு மூன்று நாள் தும்மியது.
கோழி தும்மி நான் கேட்டதில்லை,
பூசை நேரத்தில் பிள்ளை ஒன்று
சிரிப்பை அடக்குவது போல.

சூரிச்சில் இருந்து மச்சான்:
"சீமெந்தைப் போட்டு விடுங்கோ,
காசு நான் அனுப்புறன்."
போனைத் திருப்பிக் காட்டினேன்.
தகரத்தின் கீழ் மிஞ்சிய
ஒரு முழக் காய்ந்த மண்ணில்
சேவல் சரிந்து படுத்து
செட்டையை விரித்து
புழுதியைத் தன்மேல் தானே அள்ளிப் போட்டு
கண்மூடிக் குளித்துக்கொண்டிருந்தது.
"சீமெந்திலை இது எங்கை குளிக்கும்?"
கனநேரம் அவன் பேசவில்லை.
பிறகு, இங்கே பனி கொட்டுது என்றான்.

ஒரு கிழமை ஒன்றும் போடாமல் விட்டேன்.
வெறும் நிலம். வெறும் கால்.
செம்பேடு மூலையில் நின்று கிளறிக் கிளறி
ஒரு கரண்டியை வெளியே எடுத்தது.
எவர்சில்வர். காம்பில்
ஆணியால் குத்திய புள்ளி எழுத்து: ப. சி.

எங்கள் வீட்டில் அந்த எழுத்தில் ஒருவரும் இல்லை.
வெளிக்கிட்ட அன்று
தேசிக்காய் மரத்தடியில் நாங்கள் தாட்ட சட்டிபானை
திரும்பி வந்தபோது குழியோடு இல்லை.
நாங்கள் இல்லாத மாதங்களில்
இந்த வளவில் யாரோ உலை வைத்திருக்கிறார்கள்.
யாருக்கோ பரிமாறியிருக்கிறார்கள்.
சாம்பல் போட்டு மினுக்கினேன்.
இப்போது குஞ்சுகளுக்கு
மருந்து கலக்குவது அதால்தான்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது:
கோழிக்கு மூடி வைத்த நிலம் வேண்டாம்,
கிளறுவதற்கு ஒன்று வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கூட்டி
எரிக்க வைத்த சருகு.
"குப்பைக்கும் ஆள் வருது" என்று சிரித்து
காவலாளி குகதாசன் சாக்கைப் பிடித்தார்.
வேம்பு, மலைவேம்பு, தேக்கு,
பென்சில் சீவல், ரொபித்தாள்.
கொட்டின உடனே பன்னிரண்டும் பாய்ந்தன.
பின்னேரத்துக்குள் எல்லாம் வேலியோரம்,
நடுவில் பழையபடி ஈரமண்.
திங்கட்கிழமை திரும்பவும் சாக்கோடு போக வேண்டும்.
பரவாயில்லை. நிலம் மணக்கவில்லை.

சருகுக்குள் கொப்பித்தாள் ஒன்று.
கணக்குப் பிழை, பக்கத்தில்
சிவப்பு மையில் பெரிதாக: கவனம்.
வெள்ளைப் பேடு
அந்தச் சொல்லை ஒருதரம் கொத்திப் பார்த்தது,
காலால் அப்பால் தள்ளியது,
அதற்குக் கீழே தேடத் தொடங்கியது.