வெற்று எடை

சீலநாயக்கன்பட்டி பைபாஸில் எடைமேடை பார்க்கிறவள் நான்.
பத்தொன்பது வருடமாக
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டுக் கிழிப்பேன்.
கிழங்கு, ஜவ்வரிசி, இரும்புத் தகடு, மாம்பழம்.
படகு ஏறியதில்லை.

என்.சி.சி. முகாமுக்குப் பத்து நாள் போய்
மூக்குத் தோல் உரிந்து திரும்பிய மிருதுளா
சோற்றுக்கு உட்காரும் முன்பே சொன்னாள்:
"ரேஸ் படகு ஒண்ணு வாங்கலாம்மா. பழசுதான்."
கடல் இல்லாத ஊரில்
கன்றுக்குட்டி கேட்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

முதலில் காட்டியது இரட்டை உடல் படகு.
எண்ணூரில் ஒருவர் விற்கிறார், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
"கட்டுமரம்னு நம்ம வார்த்தைம்மா.
வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போய்
விலைய ஏத்தி நமக்கே விக்கிறான்."
ஒரு உடலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் ஓடும் என்றாள்.
கவிழ்ந்தால்? என்றேன்.
கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிமிர்த்த
நூற்று முப்பத்தைந்து கிலோ ஆள் வேண்டுமாம்.

எடை என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
நான் அறுபத்திரண்டு. அவள் நாற்பத்துநான்கு.
மீதி இருபத்தொன்பது கிலோவுக்கு
நடுத்தண்ணீரில் யாரைத் தேடுவது?
அவள் அப்பா எழுபத்தொன்று.
ஓசூரில், வேறு சமையலில், இப்போது கூடியும் இருக்கலாம்.
இருவருமே அந்தக் கணக்கை மனதில் போட்டோம்.
யாரும் விடை சொல்லவில்லை.

ஒற்றையாள் படகும் இருந்தது. மலிவு.
ஒரு பாய், ஒரு சுக்கான், இழுக்க ஒரு கயிறு.
"இது போதுமே உனக்கு" என்றேன்.
ஃபோனைத் தேய்த்துக்கொண்டே
"அது தனியா போறவங்களுக்கு" என்றாள்.
அந்தப் படகைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

கடைசியில் புதுச்சேரி.
பிளைவுட்டில் செய்த என்டர்பிரைஸ்,
என்னைவிட நாலு வயது சின்னது, பாயில் மூன்று ஒட்டு.
அவள் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்,
நான் விற்பவரின் முகத்தைப் பார்த்தேன்.
ஐம்பத்தையாயிரம் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது.

வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் வந்தது,
குப்புறக் கிடந்து, சருகெல்லாம் ஒட்டி.
எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
ஜவ்வரிசி ஆலையில் மூட்டைத் தராசு இரண்டு இரவல் வாங்கி
தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று வைத்தோம்.
ஏட்டில் தொண்ணூற்று நான்கு.
தராசில் நூற்றுப் பதினொன்று.

"மரம் தண்ணி குடிச்சிருக்கும்மா.
இதை வச்சு எவளை ஜெயிக்கிறது?"
பதினேழு கிலோ வங்காள விரிகுடாவுக்கும் சேர்த்துப்
பணம் கொடுத்திருக்கிறேன்.
மணலை ஈரத்தோடு விற்கிறவர்களை
தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவள்.

ஆனால் ஏப்ரல் முடியப் போகிற நேரம்.
சேலத்து வெக்கைக்கு அது ஒரு வேலையா?
தகரக் கொட்டகைக்குள் செங்கல் அடுக்கி ஏற்றினோம்,
வயிற்றுக்குக் கீழும் காற்றுப் போகிற மாதிரி.
சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும் தராசு.
நூற்றொன்பது. நூற்றேழு. மூன்று நாள் அசையவில்லை.
மே நடுவில் ஏற்காட்டு மேலே மின்னியபோது
இந்தப் பக்கம் வராதே என்று
ஊரே வேண்டாததை நாங்கள் இரண்டு பேர் வேண்டினோம்.
வந்தது. தகரம் ஒழுகியது.
தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து
விடியும்வரை நனைந்தோம்.
படகு நனையவில்லை.

தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது.
"மீதி நாலு பெயின்ட்டும்மா" என்று அவளே சமாதானம் ஆனாள்.

போட்டிப் படிவத்தை நேற்று நிரப்பினாள்.
சுக்கான்: மிருதுளா.
முன்பாய்: தனக்கொடி.
"நான் சாயுன்னா சாயணும். ஏன்னு கேக்கக் கூடாது."
எடை என்ற கட்டத்தில்
என்னைக் கேட்காமல் அறுபது என்று எழுதினாள்.

இரண்டு கிலோ.
கெஞ்சினவர்களுக்கும், மேசைமேல் நோட்டை மடித்து வைத்தவர்களுக்கும்
ஒரு லாரிக்குக்கூட நான் குறைத்துப் போட்டதில்லை.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.