நாற்பத்தொன்று

இரவு இரண்டு மணி. குழித்துறையில் மழை விட்டும்
ரப்பர் மரங்கள் விடவில்லை.
நான் ஒருநாளும் கண்ணால் காணப்போகாத
ஏதோ வங்கியின் மெயின்பிரேமில்
யாரோ இலவசமாய் எழுதிவைத்த நிரலைப்
பதினோராம் முறை தொகுக்கிறேன்.

ஏ முதல் இசட் வரை எண்ணு என்றால்
நாற்பத்தொன்று என்கிறது.

பொய்யில்லை.
துளையிட்ட அட்டைகள் காலத்து வரிசை அதனுடையது.
ஐ முடிந்து ஜே வருமுன் ஏழு இடம் காலி.
ஆர் முடிந்து எஸ் வருமுன் எட்டு.
களியக்காவிளை பஸ்ஸில்
துண்டு போட்டுப் பிடித்துவைத்த சீட்டுகள்,
ஆள் மட்டும் ஏறவேயில்லை.

நிரல் எழுதியவன் பாவம்,
எல்லா ஊரிலும் எழுத்துகள்
தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்கும் என்று நினைத்துவிட்டான்.

சென்னையில் முதல் வேலை, முதல் நாள்,
"கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா" என்று கேட்டேன்.
பக்கத்து மேசை யாமினி
எழுந்து போய் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.
அதே ஒலி, அதே நான்கெழுத்து,
அவள் அட்டவணையில் அதற்கு வேறு பொருள்.
எட்டு வருஷம் தண்ணீர் என்றே சொன்னேன்.
தாகம் என்னவோ அடங்கத்தான் செய்தது.

'ஏக்கும் இசட்டுக்கும் நடுவில் இருக்கிறாயா'
என்று நிரல் கேட்ட இடங்களில் எல்லாம்
'நீ எழுத்தா' என்று மட்டும் கேட்க வைத்தேன்.
முப்பத்தேழு இடம்.
ஒன்று விட்டுப்போய், அதைத் தேட ஒரு மணி நேரம்.

இருபத்தாறு.

அப்புறம் பார்த்தால் எண்கள்
தலைமாடு கால்மாடு மாறிக் கிடக்கின்றன.
வரிகளோ முடிய மறுத்து
ஒரே வரியாய் ஓடுகின்றன, சந்தைக்குப் போகிற பேச்சுபோல.
அது நாளைக்கு.

நெற்றி விளக்கோடு தபசிமுத்து வந்தார்.
மரத்தைத் தொட்டார். பட்டை ஈரம்.
"இன்னைக்கு வெட்டு இல்ல" என்று மரத்திடம் சொல்லிவிட்டு
என் ஜன்னலைப் பார்த்து,
"ஒனக்கு இன்னும் தீரல்லியா?"

திருத்தத்தை அனுப்பினேன்.
எழுதியவனுக்கு அங்கே பகல்போலும், உடனே பதில்:
இந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறதா?

'உன் ஊர் வங்கியின் அடித்தளத்திலேயே இருக்கலாம்,
உன் சம்பளத்தை அதுவே எண்ணிக்கொண்டிருக்கலாம்'
என்று எழுதி அழித்தேன்.
'ஓடுகிறது' என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

அடுக்களைக்குப் போனேன்.
குடத்தில் வெள்ளம் இல்லை.
மோட்டார் போட்டேன்.