பதினாலு கிலோமீற்றருக்கு ஒரு பை

ஒன்பது வருசமாய் உப்புவெளியில் அறை துடைக்கிறேன்.
ஊராரின் பைகளை
ஊராரை விட எனக்குத் தெரியும்.

பாரிசிலிருந்து வந்த ஒருத்தி
ஐந்து சோடிச் செருப்புக் கொண்டுவந்து
மூன்று நாளும் வெறுங்காலில் திரிந்தாள்.
வெள்ளவத்தைத் தேனிலவுச் சோடி
இஸ்திரிப் பெட்டியைக்கூட மறக்கவில்லை,
நுளம்புக்குப் பூச ஒன்றும் இல்லாமல்
இரவிரவாய்க் கைதட்டிக்கொண்டு கிடந்தது.

விட்டுப்போனவை பின்னறை அலுமாரியில்:
கறுப்புக் கண்ணாடி பதினொன்று,
ஒற்றைத் தோடுகள்,
குட்டியும் குடும்பமுமாய்ச் சுருண்ட சார்ஜர் வயர்கள்.
எடுத்துச் சொன்னால்,
'அடுத்த முறை வரும்போது எடுக்கிறோம்' என்பார்கள்.
தாலிக்கொடியை விட்டவள் மட்டும்
அன்றைக்கே வந்தாள், பஸ்ஸிலிருந்து குதித்து.

இப்போது என் முறை.
தங்கச்சி வதனி ஒஸ்லோவிலிருந்து வருகிறாள்.
நிலாவெளியில் மூன்று இரவு, கடல் தெரிகிற அறை.
'அக்கா, நீயும் விருந்தாளி.
கட்டில் விரிப்பில் கை வைத்தாயோ, தெரியும்.'

திருக்கடலூரிலிருந்து பதினாலு கிலோமீற்றர்.
றிஸ்வானின் ஓட்டோவில் அரை மணித்தியாலம்.
இதற்குப் போய் என்னத்தைக் கட்டுவது?

ஆனாலும் கட்டிலில் பரப்பினேன்.
பருத்திச் சட்டை மூன்று;
கச்சான் காற்று வீசுகிற ஆடியில்
நைலக்ஸ் உடுத்தால் உடம்பு தோசைக்கல்.
கடலுக்குக் கரும்பச்சைச் சுடிதார்,
நனைந்தாலும் ஒன்றும் காட்டிக்கொடுக்காது.
ஈரத்துக்கும் மணலுக்கும் தனியாய் ஒரு பொலித்தீன் பை.
மெல்லிய துவாய். (தடித்த துவாய்
உப்புக் காற்றில் காய்வதாய் நடிக்கும், அவ்வளவுதான்.)
ஊக்கு ஆறு.
தேங்காயெண்ணெய்ப் போத்தல், மூடிக்கு மேல் இன்னொரு கட்டு.
கோயிலுக்கு ஒரு சேலை.
ஓலைத் தொப்பியை எடுத்தேன், வைத்தேன்.
கோட்டை வாசலில் மான்கள் நிற்கும்,
போன வருசம் ஒரு ஜெர்மன்காரரின் தொப்பி விளிம்பை
அவர் படம் பிடித்து முடிப்பதற்குள்
பாதி தின்றுவிட்டன.
பிறகு எடுத்தேன். தின்றால் தின்னட்டும்.

தூசி தட்டுகிற துணியும் பைக்குள் இருந்தது.
நான் வைக்கவில்லை, என் கை வைத்தது.

வருசம் தாண்டியும் கேட்பாரில்லாத பொருள்
எங்களுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.
பதினொன்றையும் போட்டுப் பார்த்தேன்,
கதவைப் பூட்டிவிட்டு.
ஏழாவது, ஆமையோட்டு நிறம், கன்னம் வரை இறங்கியது.
கண்ணாடிக்குள்
கட்டில் விரிக்கத் தெரியாத ஒருத்தி
என்னைப் பார்த்து
தண்ணீர் கொண்டுவரச் சொல்வாள் போல நின்றாள்.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

நிலாவெளியில் பையை வாங்க வந்த பிள்ளைக்கு
இருபது வயதிருக்கும், ஷிரோமி என்று சட்டையில் எழுதியிருந்தது.
அவள் ஒரு காதைப் பிடிக்க
நான் மற்றதை விடாமல்
இருவருமாய்ப் படியேறினோம்.
வதனி பின்னால் சிரித்துக்கொண்டே வந்தாள்.

முதல் நாள் தலையணையைத் தட்டி வைத்தேன்.
இரண்டாம் நாள் தட்டவில்லை.
பகல் முழுக்கக் கடலில் ஊறினோம்,
எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற
அதே கடல்தான்.
இங்கே ஒருவரும்
மீன் என்ன விலை என்று கேட்கவில்லை.
மூன்றாம் நாள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன்.

போகும்போது கட்டிலுக்கடியில் பார்த்தேன்,
குளியலறைக் கொக்கியில், மேசை லாச்சியில்,
ஆட்கள் மறக்கிற இடமெல்லாம்
எனக்குப் பாடம்.

வீட்டுக்கு வந்து கேத்தில் வைக்க, போன் அடித்தது.
ஷிரோமி, உடைந்த தமிழில்:
'அக்கா, பச்சை சுடிதார்,
பல்கனிக் கம்பியில் காயுது.'

பின்னேரப் பஸ்ஸில் போய் எடுத்து வரலாம்.
அடுப்பைக் கொஞ்சம் குறைத்தேன்.

'அடுத்த முறை வரும்போது எடுக்கிறேன், பிள்ளை'
என்றேன்.