பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்

எண்பத்தேழில் ஜெகதேவி சாலை எடைமேடையில்
மாதம் முந்நூற்றைம்பது சம்பளம் எனக்கு.
இருபது டன் ஏறி நின்றால்
ஒன்பது என்று எழுத வேண்டும்.
கை பழகிப்போய்
வீட்டில் பால் கணக்கைக்கூடக் குறைத்தே எழுதினேன்.

எதிர் டீக்கடை பெஞ்சில் ஒருத்தி.
பர்கூர் பஸ்ஸை விட்டுவிட்டாளாம்.
மூன்று நாளாகவா?
கல் லாரி கடக்கும்போதெல்லாம்
பையிலிருந்து மடிக்கு
ஒரு புளியங்கொட்டை மாறியது.

எலத்தகிரிக்காரர், அமலோற்பவம்.
(ஒருத்தி என்றது அன்றைக்கு.)
வாரப் பத்திரிகையில் எ. அமல் என்று வரும்.
தாலுகா ஆபீசில் அவரிடமே
'அமல் சார் வரலீங்களா?' என்று கேட்டு
நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்களாம்.
நின்றபடி குறிப்பெடுத்திருக்கிறார்.

என்னிடம் ரசீது கேட்கவில்லை.
'நான் எண்ணினது தப்பான்னு மட்டும் சொல்லுங்க.'
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முதலாளிக்கென்று தனியாக எழுதும் நிஜக் கணக்கின்
தேய்ந்த கார்பன் தாளில்
இரண்டு மசால்வடை மடித்துக் கொடுத்தேன்.
வடையை நாய்க்குப் போட்டுவிட்டு
தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

அப்புறம் குவாரிக்கே போனார்,
முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றோடு.
'லாரி பொய் சொல்லும், ரசீது பொய் சொல்லும்,
எவ்வளவு போச்சுன்னு குழியைக் கேட்கணும்.'
குழி வேறொன்றும் சொன்னது:
வெடியில் போன இரண்டு பேர்.
மஸ்டர் ரோலில் அவர்கள் பிறக்கவே இல்லை.
வேப்பனப்பள்ளிக்குப் போய்
வீடு வீடாகக் கேட்டு வந்து
முனிரத்தினம், சின்னப்பையன்
என்று தடித்த எழுத்தில் போட்டார்.

அதற்குக் கீழே ஏழாவது வரியில் நான்:
'பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் ஒருவர்.'

பஸ் ஸ்டாண்டில் வந்த பிரதிகள் மொத்தத்தையும்
விடிவதற்குள் ஒரே ஆள் வாங்கிப் போனான்.
அடுத்த வாரம் அதே கட்டுரை மறுபடி வந்தது.
விற்பனைக்கு நன்றி என்று ஒரு பெட்டிச் செய்தியோடு.

மேனேஜர் எங்களை வரிசையில் நிறுத்தினான்.
யார்றா அவன்?
நான் நாலாவது ஆள்.
அவரை இரண்டு ராத்திரி
ஸ்டேஷன் பெஞ்சில் வைத்திருந்து
அதே கேள்வியைக் கேட்டார்களாம்.
திரும்பி வந்தவர் எடைமேடைப் பக்கமே பார்க்காமல்
டீக்கடை பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனார்.
அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வழக்கு பதினோரு வருஷம்.
அபராதம் ஒரு லாரி டயர் விலை.
அவர் அடுத்து மாம்பழக்கூழ் ஆலைக் கழிவுக்குப் போனார்,
அடுத்து ஸ்கேன் சென்டர்களுக்கு,
ஒவ்வொன்றிலும் என்னைப்போல் ஒருவன்
பெயரில்லாமல் இருந்தான்.

போன மாதம் மூன்று வரியில் மறைவுச் செய்தி.
இனிஷியல் தப்பு.

எலத்தகிரிக் கல்லறைத் தோட்டத்தில்
தம்பி மகள் கேட்டாள், 'நீங்க யாருங்க?'
ஊழியர் என்றேன்.
எந்த ஆபீஸ் என்று அவள் கேட்பதற்குள்
மணி அடித்தது.

புதிதாகப் பதித்த கறுப்புக் கல்.
நம்ம பக்கத்துக் கல்தான்.
பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்,
இருநூற்றுப் பத்து கிலோ.
குறைக்கவில்லை.