ஒலிக்காத எழுத்து

செவ்வாய் விடியலில்
கிளாக்ஸ்விக் துறைமுகம் இடப்பக்கமாக ஓடியது,
நிற்காமல்.
ரன்வா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி
வாளிக்குள் குனிந்தாள்.
பத்தொன்பது வருடம் படகில் கயிறு வீசியவளுக்கு
அது முதல் வாந்தி.

வலக் காது போய்விட்டது என்றார்கள்.
மழை கேட்கும் காது இல்லை, அது நன்றாகவே கேட்டது;
நேராய்த்தான் நிற்கிறாய் என்று
பிறந்ததிலிருந்து முணுமுணுத்த காது.
இடக் காது தனியாகப் பேச,
எதிர்த் தட்டில் எடையில்லை.
அசையாமல் கிடந்தவளைச் சுழல்கிறாய் என்றது மூளை.

பிறகு அதே மூளை
இடக் காதின் வாயையும் பொத்தியது.
மூன்று நாள் ஊமை வீடு.
அப்புறம்தான் சேதி வராத பக்கத்து அணுக்கள்
யாரும் கேட்காமலே
மெல்லப் பேச ஆரம்பித்தன.

ஐயுன் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டினான்.
ஃபாரோ மொழியில் அதை எழுதுவார்கள், ஒலிக்கமாட்டார்கள்.
அவன் பெயரிலும் இருக்கிறது.
“தலையை ஆட்டு. கண்ணை விடாதே.”
எழுத்து குதித்தது.
“குதிக்கட்டும். தப்பு தெரியாமல் மூளை எதைத் திருத்தும்?”
குமட்டக் குமட்ட ஆட்டினாள், நாளுக்கு ஐந்து தடவை,
அவனைத் திட்டிக்கொண்டே.

பதினோராம் வாரம் படகு.
கால்சோய் போகும் வழியெல்லாம் அலை;
பயணிகளுக்குக் காகிதப் பை கொடுத்தாள்.
எல்லோர் தலையும் சுற்றுகிற இடத்தில்
அவளுடையதை யார் பார்ப்பார்கள்?
வீசிய கயிறு முளையில் விழுந்தது.

காது திரும்பவில்லை. திரும்பாது.
கண்ணும் பாதமும் அதன் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன.
முகம் கழுவ,
சோப்பு நுரைக்குள் கண் மூடும்போது மட்டும்
ஒரு முழங்கை சுவரைத் தேடிப் போகிறது,
அவளைக் கேட்காமல்.